முதல் தம்ளர் தண்ணீர்

பதினாறு மணி நேரம் நாற்பது நிமிடம் அந்த இன்குபேட்டர் அணைந்து கிடந்தது. அதனால் என்ன ஆகும் என்பது உலகத்தில் எழிலரசி ஒருத்திக்குத்தான் தெரியும்.

நுண்ணுயிரியல் படித்துவிட்டுக் கடலூரில் தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு சிறிய ஆய்வகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை. பாட்டிலில் வரும் தண்ணீரைக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, இன்குபேட்டர் என்கிற அந்தச் சூட்டுப்பெட்டிக்குள் முப்பத்தேழு டிகிரியில் நாற்பத்தெட்டு மணி நேரம் வைக்க வேண்டும். தண்ணீரில் சாக்கடைக் கிருமி கலந்திருந்தால் அந்தச் சூட்டில் பெருகும். குழாய்க்குள் சின்னதாக ஒரு காற்றுக்குமிழி தெரியும். குமிழி வந்தால் அந்தத் தண்ணீர் ஆகாது. வராவிட்டால் குடிக்கலாம். சூடு மட்டும் இறங்கக் கூடாது. இறங்கினால் கிருமி இருந்தும் குமிழி வராமல் போகலாம்.

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு, சிதம்பரத்தில் ஒரு பெண்கள் விடுதியின் புது போர்த் தண்ணீரை அப்படி உள்ளே வைத்தாள். மறுநாள் ஆயுத பூஜை.

அன்றைக்கு ஆய்வகத்தில் எல்லாக் கருவிக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். வைத்த பிறகு மறுநாள்வரை எந்தக் கருவியும் ஓடக் கூடாது என்பது ஓனர் சபாபதி வீட்டம்மாவின் கண்டிப்பு. ஆய்வகத்தில் மூத்தவளான பவானி வருடா வருடம் இன்குபேட்டர் சுவிட்சின் மேல் மட்டும், யாரும் அணைக்காதபடி, முன்கூட்டியே செலோடேப் ஒட்டிவிடுவாள். வீட்டம்மாவும் அதைப் பார்த்துப் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார். இந்த வருடம் பவானியின் மகனுக்குக் காய்ச்சல். அவள் வரவில்லை. டேப்பும் இல்லை.

"எல்லாத்தயும் அணைச்சிடும்மா. மிஷினும் ஒரு நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார் வீட்டம்மா.

எழிலரசி வரிசையாக அணைத்துக்கொண்டே போனாள். கடைசிச் சுவிட்சில் கை ஒரு நொடி நின்றது. 'இது மட்டும் ஓடணும்மா' என்று ஒரு வாக்கியம் தொண்டைவரை வந்தது. வீட்டம்மா கையில் கற்பூரத்தட்டு. பின்னால் ஓனர், டிரைவர், பக்கத்துக் கடைக்காரர் குடும்பம். எல்லோரும் அவளைப் பார்த்தபடி நிற்கிறார்கள். அணைத்துவிட்டாள். மணி ஐந்து பத்து. பூஜை முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பூஜை முடிந்ததும் பொரியும் சுண்டலும் கைக்கு வந்தன. கதவு பூட்டப்பட்டது. சாவி வீட்டம்மாவின் இடுப்பில்.

வியாழன் காலை விடுமுறை. குழாய்களைப் பார்க்க வேண்டும் என்று சாவி கேட்டு வாங்கிப் போய்ச் சுவிட்சைப் போட்டபோது மணி ஒன்பது ஐம்பது. பெட்டிக்குள் இருபத்தொன்பது டிகிரி. பக்கத்தில் தினசரிச் சூட்டை எழுதும் பதிவேடு திறந்திருந்தது. காலைக்கான கட்டம் காலியாக இருந்தது. பேனாவை எடுத்து 37.0 என்று எழுதினாள். எழுத்து எப்போதும்போல அழகாகவே விழுந்தது.

அன்று மாலை குழாய்களில் குமிழி இல்லை. 'கிருமி காணப்படவில்லை.'

வெள்ளிக்கிழமை பவானி வந்து ரிப்போர்ட்டைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். "நீ எழுதுனதுன்னா நான் எதுக்கு எழில் ரெண்டாந்தடவ பாக்கணும்?" என்றாள். அந்த வாக்கியம் எழிலரசியின் நெஞ்சில் மீன்முள் மாதிரி நின்றது.

சனிக்கிழமை அவள் சிதம்பரம் போக வேண்டியிருந்தது. வேலை பார்க்கும் பெண்களுக்கு ஒரு நாள் பயிற்சி. ஏற்பாடு செய்தது வீட்டம்மாவின் மகளிர் சங்கம். "அந்த ஹாஸ்டல் வார்டனும் அங்க வர்றாங்க. ரிப்போர்ட்ட கையிலயே குடுத்துடு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் பிள்ளைங்க லீவு முடிஞ்சி வந்துடுமாம்" என்று சபாபதி பழுப்பு உறையை நீட்டினார்.

கடலூர் முதுநகரில் பஸ் ஏறினாள். மடியில் பை. பைக்குள் உறை. காலையில் கிளம்பும்போது, கொதிநீராவியில் சுத்தம் செய்து காகிதம் சுற்றிய இரண்டு கண்ணாடி பாட்டில்களையும் உள்ளே போட்டிருந்தாள். ஊர் ஊராய்ப் போய்த் தண்ணீர் பிடிக்கும் பாட்டில்கள். எதற்குப் போட்டாள் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று பஸ் நின்று நின்று போனது. வெள்ளாற்றுப் பாலத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் பை குலுங்கியபோது பாட்டில்கள் ஒன்றோடொன்று மெல்லத் தட்டிக்கொண்டன.

தெற்கு வீதியில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் மாடி. இருபத்து நான்கு பெண்கள். காலை டிபனுக்கு இட்லியும் கத்தரிக்காய் கொத்சும். எழிலரசி ஓரமாக உட்காரப் போனவளை ஒரு கை பிடித்து நிறுத்தியது.

"கடலூர் லேப் பாப்பாதானே நீ? செவ்வாக்கெழம பாட்டிலத் தூக்கிக்கிட்டு வந்தியே, வாயத் தொறக்காம தண்ணி புடிச்சிட்டுப் போனியே. இங்க உக்காரு."

விடுதி வார்டன் தில்லையம்மாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். குள்ளமான உருவம். பருத்திப் புடவையில் இடுப்புச் சாவிக்கொத்து. அவர் இட்லியைப் பிட்கும் முன் கொத்சை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு வரிசையில் இருந்தவர்களைப் பார்த்து, "ம்... சாப்பிடலாம்" என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் எல்லோருடைய கையும் இலைக்குப் போனது. அதை எழிலரசி கவனித்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்த பரங்கிப்பேட்டை டீச்சர் ஒருவர் சிரித்தார். "வார்டன், இங்கயுமா?"

"பழக்கம் டீச்சர். கைய வெட்டிப் போடவா?"

டீச்சர் எழிலரசியிடம் திரும்பினார். "ஹாஸ்டல் பசங்க இவங்களுக்கு இன்னா பேரு வச்சிருக்காங்க தெரியுமா? மொதப்பந்தி. சோறு எறங்கினா மொதல்ல தின்னுறது வார்டன்தான்னு. அறுபத்திரண்டு புள்ளைங்களும் பின்னாடி இதச் சொல்லித்தான் சிரிக்குதுங்க."

"ஏன்னு அதுங்களுக்குத் தெரியாதா?" எழிலரசி தன்னையும் அறியாமல் கேட்டுவிட்டாள்.

"சொன்னாத்தானே தெரியும்? சொல்ல மாட்டாங்க. ஒருவாட்டி ஒரு பெரிய மனுஷன் வூட்டுக் கல்யாணச் சாப்பாடு மிஞ்சிப்போச்சின்னு ரெண்டு அண்டா பிரியாணி வேன்ல வந்துது. நான் அன்னிக்கு அங்க டியூஷன் எடுக்கப் போயிருந்தேன். புள்ளைங்க தட்டோட வரிசையில நிக்குது. இவங்க ஒரு வாய் வச்சாங்க. மூடிய மூடினாங்க. 'வேணாங்க. எடுத்துட்டுப் போங்க'ன்னாங்க. அந்த மனுஷன் கத்துறான், டிரஸ்டிக்குப் போன் போடறான், நாய்க்குப் போட்டாலும் நன்றி இருக்கும்கறான். இவங்க குரல் ஒசரல. 'வேணாங்க'. அவ்ளோதான். புள்ளைங்க அன்னிக்கு ரசஞ்சோறு தின்னுட்டு இவங்களத் திட்டுச்சிங்க."

"கெட்டுப்போயிருந்துச்சா?"

தில்லையம்மாள் இட்லியைப் பிட்டபடி, "லேசா" என்றார். "அத விடு. இட்லி ஆறிப்போவுது."

எழிலரசி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டும் கேட்டு, கெட்ட பேரும் வாங்கி, அதற்கு ஒரு விளக்கமும் சொல்லாமல் இட்லி தின்ன முடிகிறது ஒரு மனுஷிக்கு. அவளுக்கு அது ஒரு பெரிய மலையைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல இருந்தது.

"ரிப்போர்ட் கொண்டாந்திருக்கியா பாப்பா?"

"பையில இருக்குங்க மேடம்."

"சாயங்காலம் குடு. இப்ப வாங்கினா எங்கயாவது வச்சிடுவேன். நல்லாத்தானே இருக்கு?"

"சைன் ஆயிடுச்சுங்க" என்றாள் எழிலரசி. பொய் இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை.

"பழைய போர்ல உப்பு ஏறிப்போச்சி. வாயில வைக்க முடியல. புதுசு பாத்ரூம் பின்னாடி போட்டது, அதான் எனக்கு ஒரே யோசன. நல்லாருக்குன்னு நீங்க சொல்லிட்டா இன்னிக்கே வால்வத் தொறந்து டேங்க்க ரொப்பிடுவேன். மொத தம்ளர் நான் குடிச்சிடுவேன், நாளைக்குப் புள்ளைங்க வர்றதுக்குள்ள."

எழிலரசி பிட்ட இட்லியை இலையிலேயே வைத்தாள். கெட்ட பிரியாணியை நாக்கு கண்டுபிடித்துவிடும். இதைக் கண்டுபிடிக்காது. அந்தத் தண்ணீர் தெளிவாக, இனிப்பாகக்கூட இருக்கும். டைபாய்டு காட்டிக்கொள்ளப் பத்து நாள் ஆகும். மொதப்பந்தி முதல் தம்ளரைக் குடித்துவிட்டுத் தலையாட்டுவார். அறுபத்திரண்டு பிள்ளைகளும் குடிப்பார்கள். அந்த நாக்கால் ஆகாத வேலையைச் செய்வதற்குத்தான் கடலூரில் அந்தச் சூட்டுப்பெட்டி இருக்கிறது. அதற்குச் சந்தனம் வைத்து அணைத்தாயிற்று.

பயிற்சி கொடுக்க வந்தவர் சேரன் என்கிற உளவியல்காரர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவர் மைக் அடிக்கடி கீச்சிட்டது. மேடைக்குக் கீழே நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சார்ட் ஒட்டியிருந்தார். ராணி. போராளி. தாய். அனாதை.

"நமக்குள்ள இந்த நாலு பேரும் குடியிருக்காங்க" என்றார். "ராணி முடிவு எடுக்கறவ, அதுக்குப் பொறுப்பும் ஏத்துக்கறவ. போராளி எதுத்து நிக்கறவ. தாய் பாத்துக்கறவ. அனாதை, யாராவது வந்து நம்மளக் காப்பாத்த மாட்டாங்களான்னு காத்துக்கிட்டு இருக்கறவ. நாலு பேரும் வேணும். ஆனா எந்த நேரத்துல யாரப் பேச விடறதுங்கறது உங்க கையில. வேற யாரும் அத முடிவு பண்ண முடியாது. இப்ப விளையாட்டு இதுதான். உங்க வேலையில ஒரு தப்பு நடந்துடுச்சி. மொதல்ல உங்களுக்குப் பழக்கமான நாற்காலியில உக்காந்து பேசுங்க. அப்புறம் இதுவரைக்கும் உக்காராத நாற்காலியில."

"வார்டன் மொதல்ல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "ராணிக்குத்தானே மொதப்பந்தி!"

எல்லோரும் கைதட்டினார்கள். தில்லையம்மாள் எழுந்து போனார். ராணி நாற்காலியைத் தாண்டினார். தாய் நாற்காலியையும் தாண்டினார். அனாதை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கைதட்டல் ஒரு மாதிரி நின்றது.

"நான் எட்டு வயசுலேர்ந்து ஹாஸ்டல்ல வளந்தவ சார். இதுதான் நமக்குப் பழக்கம்" என்றார். "அனாதைன்னா குந்திக்கினு அழுவும்னு நெனைக்கிறீங்க. இல்ல. அது எப்பவும் மோந்து பாத்துக்கினே இருக்கும். சோறு ஊசிப்போச்சா, வர்றவன் கோவத்துல வர்றானா, இன்னிக்கி கதவு தாப்பா போடணுமா... எனக்கு இன்னிக்கும் வேல செய்யறது அதுதான். தப்பு நடந்தா அதுக்குத்தான் மொதல்ல தெரியும்."

சேரன் தலையசைத்தார்.

"இப்ப உக்காராத நாற்காலி."

தில்லையம்மாள் ராணி நாற்காலிக்குப் போனார். உட்கார்ந்தார். இடமும் வலமும் நெளிந்தார். உடனே எழுந்துவிட்டார்.

"ஏங்க?"

"இங்கேர்ந்து பாத்தா சமையக்கட்டு தெரியாது சார்."

மண்டபம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. எழிலரசியும் சிரித்தாள். ஆனால் அவளுக்கு ஒன்று தோன்றியது. அந்த அம்மா எங்கே உட்கார்ந்தாலும் அங்கேயிருந்துதான் உத்தரவு வரும். சார்ட் எதுவாக இருந்தாலும்.

மூன்றரை மணிக்கு அவள் முறை வந்தது. அவளும் அனாதை நாற்காலிக்குத்தான் போனாள். அதே நாற்காலிதான். ஆனால் இப்போது அதில் உட்கார்ந்தது வேறு ஒரு அனாதை.

"ஒரு தப்பு... நடந்துடுச்சு" என்றாள். குரல் மைக்குக்கே எட்டவில்லை. "அவுங்க சொன்னாங்க. எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. என்னால... அப்ப என்ன செய்யறதுன்னு தெரியல."

சொல்லி முடித்ததும் ஒரு நிம்மதி வந்தது. உடனே அந்த நிம்மதியைக் கண்டு வெட்கமும் வந்தது. சொன்ன எல்லாமே உண்மைதான். எல்லாம் சேர்ந்தும் ஒரு உண்மையை மூடிவைக்கத்தான் உதவின.

"சரி. இப்ப உக்காராத நாற்காலி" என்றார் சேரன்.

ராணி நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபத்து மூன்று முகங்கள். பூஜையன்று ஐந்து பத்துக்கு நின்ற அதே கூட்டம் மாதிரி இருந்தது. கற்பூரத்தட்டு மட்டும் இல்லை. வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"பரவால்ல, உக்காந்ததே பெரிய விஷயம்" என்று சேரன் கனிவாகச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு அவள் காது மடல் எரிந்தது. பரவால்ல என்று இன்னும் எத்தனை பேர் சொல்வார்கள்? வீட்டம்மா சொல்வார். பவானி அக்காகூட ஒருவேளை சொல்வாள். டைபாய்டு சொல்லாது.

தில்லையம்மாள் மட்டும் கைதட்டவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து எழிலரசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் கொத்சை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிய அதே முகம்.

ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்தது. மண்டபத்து ஆட்கள் சார்ட்டுகளைக் கிழித்து, நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார்கள். எது ராணி, எது அனாதை என்று இப்போது சொல்ல முடியாது. எல்லாம் ஒரே சிவப்பு பிளாஸ்டிக்.

படிக்கட்டருகே தில்லையம்மாள் போனைக் காதில் வைத்தபடி கையை நீட்டினார். "குடு பாப்பா. பிளம்பர் உத்திராபதி லைன்ல இருக்கான். வால்வு கிட்டயே நிக்கிறானாம், காலு வலிக்குதாம் தொரைக்கு."

எழிலரசி பைக்குள் கையை விட்டாள். விரலில் முதலில் பட்டது பாட்டிலைச் சுற்றிய காகிதம். அதற்குக் கீழே உறை. உறையை எடுத்தாள். நீட்டினாள். தில்லையம்மாள் மறுமுனையைப் பிடித்தார். எழிலரசியின் விரல்கள் இந்த முனையை விடவில்லை.

"வேணாங்க."

"இன்னாது வேணாம்?"

"தொறக்க வேணாம்னு சொல்லுங்கக்கா."

தில்லையம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. கண்ணை அவள் முகத்தைவிட்டு எடுக்காமலே போனில் பேசினார். "உத்திராபதி, தொறக்காத. கைய எடு. ... யோவ், ஏன்னு எனக்கே தெரியாது, எடுன்னா எடு. நாளைக்கு லாரித் தண்ணிக்குச் சொல்லி வையி." போனை வைத்தார்.

அந்த வேகம் எழிலரசியைத் திகைக்க வைத்தது. வாயே திறக்காத ஒரு பெண் சொன்ன ஒற்றை வார்த்தையை நம்பி ஒரு டேங்க்கையே நிறுத்திவிட்டார். அவள் சொல்லுக்கு இந்த உலகத்தில் யாரும் இப்படி எடை கொடுத்ததில்லை. அவளேகூட.

"தண்ணி கெட்டுப்போயிருக்கா?"

"தெரியலக்கா. இப்போதைக்கு அது யாருக்குமே தெரியாது."

"ரிப்போர்ட்ல இன்னா போட்டிருக்கு?"

"நல்லாருக்குன்னு."

"அப்பறம்?"

கரண்ட் போய்விட்டது என்று சொல்லலாம். யாரும் போய்க் கேட்கப்போவதில்லை. பெட்டி பழசு என்றும் சொல்லலாம். அவுங்க சொன்னாங்க என்று மறுபடியும் சொல்லலாம். இந்த மூன்றும் நாக்கு நுனியில் வரிசையில் நின்றன. அவற்றுக்குப் பின்னால், மூன்று நாளாகத் தொண்டையில் நின்றுகொண்டிருந்த வாக்கியம். வேலை போகலாம். பவானி அக்கா இனி அவள் எழுதியதை இரண்டு தடவை, மூன்று தடவை பார்ப்பாள். பார்க்கட்டும். பையில் இரண்டு பாட்டில் இருக்கிறது. இன்றைக்கே தண்ணீர் பிடித்துப் போய் வைத்தால் திங்கட்கிழமை இரவு தெரிந்துவிடும். அதுவரை சுவிட்சின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கவும் அவள் தயார்.

தில்லையம்மாள் அவசரப்படுத்தவில்லை. எழிலரசியின் விரல்கள் எப்போதோ விட்டிருந்த உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். எழிலரசி நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள். குரல் மெல்லியதாகத்தான் வந்தது. ஆனால் நடுங்கவில்லை.

"பூஜை அன்னிக்கு இன்குபேட்டர நான்தான்க்கா அணைச்சேன். தெரிஞ்சேதான் அணைச்சேன். பதினாறு மணி நேரம் நாப்பது நிமிஷம். ரிஜிஸ்டர்ல முப்பத்தேழுன்னு பொய்யா எழுதினதும் நான்தான்."